முகட்டில் விழுந்த மழை யார் பக்கம்?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி மலையைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழில் மலை மட்டும். சினிமா, அரசியல் கேட்டவர்கள் அடிவாரத்திலேயே காத்திருக்கவும்.

கே (சின்னமனூர்): பிறந்தது முதல் இங்கேதான் இருக்கிறேன். பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கு என்கிறார்கள். எனக்கு ஒரு பள்ளமும் தெரியவில்லையே?

ப: உள்ளே இருந்துகொண்டு கேட்டால் எப்படித் தெரியும்? மேகமலைச் சாலையில் பாதி ஏறி, பஸ் மூச்சு வாங்கும் இடத்தில் இறங்கித் திரும்பிப் பாருங்கள். மேற்கே ஏலமலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். கூடலூரைத் தாண்டித் தெற்கே போகப் போக இரண்டும் நெருங்கி வந்து குமுளியில் வழியை அடைத்துக்கொள்கின்றன. திறந்திருப்பது வடகிழக்குப் பக்கம் மட்டும்தான். நடுவில் உள்ள தரையும் சமமில்லை, கம்பத்திலிருந்து தேனிக்குச் சாய்ந்துகொண்டே போகிறது. நம்பாவிட்டால் தேனிக்குச் சைக்கிளில் போய்விட்டு, அதே சைக்கிளில் திரும்பி வாருங்கள்.

கே (கோம்பை): மாலையில் எங்கள் ஊரில் வெயில் சீக்கிரமே போய்விடுகிறது. காமயகவுண்டன்பட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டு மாடியில் அப்போதும் வத்தல் காய்கிறது. இது என்ன நியாயம்?

ப: அநியாயம் செய்வது ஏலமலை. சூரியன் மணிக்கு 15 டிகிரி வீதம் நகர்கிறது. உங்கள் வாசலில் நின்று பார்க்கும்போது மேற்கு முகடு 8, 10 டிகிரி உயரத்தில் தெரிந்தால் போதும், பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் அஸ்தமனத்துக்கு அரை மணிக்கு மேல் முன்னாலேயே நிழல் வந்துவிடும். பண்ணைப்புரம், தேவாரம் எல்லாம் மலையை ஒட்டிய ஊர்கள், அவர்களுக்கும் இதே கதிதான். தங்கச்சியிடம் காலையில் போன் போட்டுக் கேளுங்கள். மேகமலை நிழல் அவர் மாடியை விட்டு விலகுவதற்குள் உங்கள் வத்தல் ஒரு பக்கம் காய்ந்திருக்கும். மலைகள் ஆளுக்கொரு பக்கம் கணக்கை நேர் செய்துவிடுகின்றன, அக்கா தங்கைகள்தான் செய்வதில்லை.

கே (பண்ணைப்புரம், பள்ளி மாணவி): மேற்குத் தொடர்ச்சி மலை கடலோர மலை என்று டீச்சர் சொன்னார். எங்கள் ஊரில் கடல் எங்கே, சார்?

ப: மலைக்கு அந்தப் பக்கம், தங்கச்சி. உங்கள் ஊரிலிருந்து ஆலப்புழைக் கடற்கரை காக்கை பறக்கும் வழியில் சுமார் 100 கிலோமீட்டர்தான். டீச்சர் சொன்னது சரி. குஜராத்–மகாராஷ்டிர எல்லையில் தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் குமரி வரை, அரபிக் கடற்கரைக்கு இணையாக 1,600 கிலோமீட்டர் ஓடுகிறது இந்த மலை. ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கர் நம்மிடமிருந்து பிரிந்து போனது. அப்போது உடைந்த நிலத்தின் விளிம்பு உயர்ந்து, மழையும் ஆறும் அரித்து உருவானதுதான் இது. இரண்டு கண்டங்கள் மோதி மடிந்து எழுந்த இமயமலை வேறு சாதி, வயதிலும் இளையது.

டீச்சரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே செங்குத்து, கிழக்கே மென்சரிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். மொத்த நீளத்துக்கு அது பொருந்தும். தேனியில் பொருந்தாது. இங்கே ஏலமலைப் பீடபூமி கேரளப் பக்கம் ஏறி இறங்கிப் போகிறது, நம் பக்கம்தான் சட்டென்று விழுகிறது. போடிமெட்டு ஏறும் லாரி டிரைவரிடம் கிழக்குச் சரிவு மென்மையானது என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் அவர் பேச்சு மென்மையாக இருக்காது.

கே (ஆண்டிபட்டி): வைகை கடைசியில் கிழக்கே கடலுக்குத்தானே போக வேண்டும்? எங்கள் வருசநாட்டில் மட்டும் வடக்கே போகிறதே, வழி தவறிவிட்டதா?

ப: வழி தவறவில்லை, வேறு வழி இல்லை. வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கு மேற்கே மேகமலை முகடு, கிழக்கே ஆண்டிபட்டி மலைத்தொடர். நடுவில் பிறந்த மூல வைகை கடமலைக்குண்டு பக்கமாக வடக்கே இறங்கி வந்து, மலை முடிகிற இடத்தில்தான் கிழக்கே திரும்ப முடிகிறது. திரும்புகிற இடம் பார்த்து அணை கட்டி, 1959-ல் திறந்தார்கள். அந்த அணைக்காகத் தண்ணீருக்குள் போன ஊர்களின் கதைதான் வைரமுத்துவின் கள்ளிக்காட்டு இதிகாசம்.

இதைவிடச் சுவாரசியமானது, மேகமலை முகட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பது. அங்கே சிவகிரி மலைகளில் பெரியாறு பிறக்கிறது. அதுவும் முதலில் வடக்கேதான் ஓடுகிறது. வைகையும் பெரியாறும் முதுகோடு முதுகு ஒட்டிப் பிறந்து, இரண்டும் வடக்கே பார்த்து ஓடி, பிறகு ஒன்று கிழக்கே திரும்பி ராமநாதபுரத்தை நோக்கிப் போகிறது, இன்னொன்று மேற்கே திரும்பி ஆலுவா வழியாக அரபிக் கடலுக்குப் போகிறது. முகட்டில் விழும் ஒரு மழைத்துளி அரை அடி இந்தப் பக்கம் விழுந்தால் வறண்ட பாக் நீரிணைக் கரை, அரை அடி அந்தப் பக்கம் விழுந்தால் பச்சைப் பசேலென்ற எர்ணாகுளம். பெரியாற்றுக்கு முழுத் தென்மேற்குப் பருவமழை. மூல வைகைக்கு, மழை பெய்தால் வெள்ளம், ஓய்ந்தால் மணல். சகோதரர்களுக்குள் இத்தனை ஏற்றத்தாழ்வு சொத்து பிரிக்கும் வீட்டில்கூட இருக்காது.

கே (கூடலூர்): அந்த ஏற்றத்தாழ்வைத்தானே பொறியாளர் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணை கட்டிச் சரி செய்தார்?

ப: அவர்தான் செய்து முடித்தார். யோசனை பழையது. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை, மேற்கே போகும் ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்தார். முடியும் என்று தெரிந்தது, பணம்தான் இல்லை. 1876-78 பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோன பிறகுதான் வெள்ளைக்காரர்களுக்கு வேகம் வந்தது. 1886-ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கி, 1895-ல் திறப்பு.

அணையை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ சுரங்கம்தான் பெரிய காரியமாகத் தெரிகிறது. ஆற்றின் குறுக்கே கல்லை வைத்து அடைப்பது பழைய வித்தை, கரிகாலன் காலத்திலிருந்து நமக்குத் தெரியும். தேங்கிய தண்ணீரை, அது போக விரும்பாத திசையில், நீர்பிரி முகட்டையே துளைத்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்டி இந்தப் பக்கம் கொண்டுவந்ததுதான் புதுசு. அணை 176 அடி உயரம் என்றாலும், தேக்கடியில் சுரங்க வாய் இருக்கும் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் எடுக்க முடியாது. அது 104 அடி. மேலே 142 அடி, உச்ச நீதிமன்றம் 2014-ல் உறுதி செய்த வரம்பு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நிற்கும் 38 அடித் தண்ணீரில்தான் ஐந்து மாவட்டங்களின் வயிறு இருக்கிறது. இந்தப் பக்கம் வந்ததும் ஆயிரம் அடிக்கு மேல் குழாய்களில் விழுந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் வயலுக்கு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல், கீழே மேலூர் வரை பாசனம், மதுரைக்காரர்களின் குடம் எல்லாம் அதற்குப் பிறகு.

சுருக்கமாக: தண்ணீர் யார் பக்கம் என்பதை 1895-க்கு முன் மலை முடிவு செய்தது, அதற்குப் பின் சுரங்கத்தின் ஷட்டர் முடிவு செய்கிறது.

கே (கம்பம்): அணை பலமாக இருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில்.

ப: எந்த மாநிலத்துப் பதிப்புக்கு?

கே (உத்தமபாளையம்): தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது எங்களுக்கு வெறும் சாரல்தான். இத்தனைக்கும் மேகம் எங்கள் தலைக்கு மேல்தான் போகிறது!

ப: போவது காலி மேகம். அரபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலையேறும்போது குளிர்கிறது, குளிர்ந்தால் சுமையை இறக்கிவிடுகிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது சூடேறி, மிச்ச ஈரத்தையும் விடமாட்டேன் என்கிறது. இடுக்கி மாவட்டத்தின் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேனிக்குத் தேறாது. நமக்கு நம்பிக்கையெல்லாம் ஐப்பசி, கார்த்திகைதான். ஆனால் இந்த வறட்சியைத் திட்டாதீர்கள். திராட்சைப் பந்தலுக்கு வேரில் தண்ணீர் வேண்டும், குலையில் மழை கூடாது. மலைக்கு அந்தப் பக்கத்து மழை சுரங்கம் வழியாக வேருக்கு வருகிறது, இந்தப் பக்கத்து மழைமறைவு குலையைக் காப்பாற்றுகிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பாராட்டெல்லாம் திராட்சைக்கே போனது. ஏலமலைக்கு ஒரு சால்வைகூடப் போர்த்தவில்லை.

கே (தேனி): மழையைத் தடுக்கும் மலை, ஆடிக்காற்றை மட்டும் ஏன் தடுப்பதில்லை? எங்கள் வீட்டுத் தகர ஷெட் போன ஆடியில் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது.

ப: தண்ணீரைப் போல காற்றுக்கும் தாழ்வான வழி பிடிக்கும். குமுளிப் பக்கம் முகடு தாழ்ந்து கிடக்கிறது, அந்த இடைவெளியில் நெருக்கியடித்துப் புகும் காற்று பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் வேகமெடுத்து ஓடி வருகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்கள் தேடிப் போன கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். ஆண்டிபட்டிப் பக்கம் ராட்சத விசிறிகள் சுற்றுவது அதனால்தான். ஷெட்டைத் திரும்பக் கொண்டுவந்து போட்டால், இந்த முறை போல்ட்டு போடுங்கள்.

கே (பெரியகுளம்): என் மகன் கனடாவில் இருக்கிறான். லாப்ரடார் பக்கம் வட கடலோரத்தில் டோர்ன்காட் என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறதாம், மரமே இல்லையாம், ரோடே இல்லையாம். நம் மலைக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

ப: கல்யாணம் பேசும் அளவுக்கு உண்டு. அதுவும் கடலோர மலை, ஆனால் அங்கே பனியாறுகள் பள்ளத்தாக்குகளைக் கடல் மட்டத்துக்கும் கீழே தோண்டிவிட்டதால் கடலே மலைக்குள் புகுந்து கிடக்கிறது. மரம் வளரும் எல்லைக்கு வடக்கே இருப்பதால் பாறை, பாசி, புல். வெண்கரடியும் கரிபு மானும் உண்டு. 2005-ல் கனடா அதைத் தேசியப் பூங்காவாக ஒதுக்கியது, சுமார் 9,700 சதுர கிலோமீட்டர். இன்யூட் மக்களும் சேர்ந்துதான் நிர்வகிக்கிறார்கள். ரோடு இல்லை என்று மகன் சொன்னது உண்மை, படகிலோ சிறு விமானத்திலோதான் போக வேண்டும்.

சம்பந்தம் எங்கே என்றால், அங்கும் சண்டை முகட்டில்தான். லாப்ரடார் யாருக்கு என்று கனடாவும், அப்போது தனி நாடாக இருந்த நியூஃபவுண்ட்லாந்தும் மல்லுக்கு நின்றன. 1927-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொன்னது: அட்லாண்டிக் கடலுக்குத் தண்ணீர் அனுப்பும் நிலமெல்லாம் லாப்ரடார், அதாவது நீர்பிரி முகடே எல்லை. கியூபெக் இன்றுவரை அதை மனசார ஒப்புக்கொண்டதில்லை. அந்த எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் உச்சிக்கு லாப்ரடார்க்காரர்கள் வைத்த பெயர் காப்விக், கியூபெக்காரர்கள் வைத்த பெயர் இபர்வில். உயரம் இரண்டு பெயருக்கும் ஒன்றேதான், 1,652 மீட்டர். நம் கொழுக்குமலை அதைவிட அதிக உயரம். மகனிடம் பெருமையாகச் சொல்லுங்கள். வெண்கரடி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இங்கே ஜீப் டிரைவர்கள் இருக்கிறார்கள்.

கே (போடி): ஜீப் என்றதும் ஞாபகம் வந்தது. கொழுக்குமலை எங்கள் தாலுகாவில் இருக்கிறது. ஆனால் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் கேரளாவில் சூரியநெல்லிக்குப் போய் அங்கிருந்து ஜீப் ஏறுகிறார்களே?

ப: நிலம் நம்முடையது, சரிவு அவர்களுடையது. 7,000 அடிக்கு மேல் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டம், உலகின் மிக உயரமானவற்றில் ஒன்று. நம் பக்கம் குரங்கணியிலிருந்து ஏறினால் முட்டி பெயர்ந்துவிடும். மேற்கே சூரியநெல்லி ஏற்கெனவே பீடபூமி மேலேயே உட்கார்ந்திருக்கிறது, கொஞ்ச தூரம் குலுங்கினால் போதும். ஆகவே தமிழ்நாட்டு மலையில், தமிழ்நாட்டுப் பக்கம் உதிக்கும் சூரியனைப் பார்க்கக் கேரளத்துக்கு வாடகை கொடுக்கிறோம். தண்ணீருக்கு அவர்களுக்குக் கொடுக்கும் குத்தகை 1970-க்குப் பிறகு ஏக்கருக்கு 30 ரூபாய். ஒரு நடை ஜீப் வாடகை அதைவிட எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே (தேவாரம்): எங்கள் ஊருக்கு நேர் மேலே கேரளம். கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்ற வேண்டியிருக்கிறது. சாக்கலூத்து மெட்டுக்கு ரோடு எப்போது வரும்?

ப: தேர்தலுக்குத் தேர்தல் வருகிறதே, நீங்கள் பார்க்கவில்லையா? வாக்குறுதிக்குச் செங்குத்துச் சரிவு ஒரு பொருட்டில்லை, ரோட்டுக்கு அது பெரிய செலவு. நடுவில் காடு வேறு இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. தலைச்சுமையோடு ஏறி இறங்கும் தோட்டத் தொழிலாளியை நினைத்தால் ரோடு வேண்டும். ரோடு வந்த மலைக்கு அடுத்து என்னென்ன வரும் என்று நினைத்தால் கை நடுங்குகிறது.

கே (போடி, இன்னொருவர்): மலை மேலே ரயில் ஓடியதாக என் தாத்தா சொல்வார். கதை விடுகிறாரா?

ப: தாத்தாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். 1902-ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே, குண்டலைப் பள்ளத்தாக்கில், ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். அது கொண்டுவந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகத் தொங்கிக்கொண்டு நம் அடிவாரத்துக்கு இறங்கின, அங்கிருந்து போடி. செங்குத்தான கிழக்குச் சரிவு மனிதனுக்குத்தான் தொல்லை, தொங்கும் பெட்டிக்கு வரப்பிரசாதம். 1924 வெள்ளம் மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே மதுரை–போடி ரயில் வந்ததே 1928-ல்தான். மேல் ரயிலும் கீழ் ரயிலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. கீழ் ரயிலையும் அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தி, 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பக் கொடுத்தார்கள். அதை நிறுத்த வெள்ளமெல்லாம் தேவைப்படவில்லை.

கே (போடி, கல்லூரி மாணவர்): நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எங்கள் பொட்டிபுரம் மலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இமயமலை இருக்கிறதே?

ப: இமயமலை உயரம் அதிகம், நொறுங்கலும் அதிகம், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, நிலநடுக்கம் வேறு. உங்கள் பொட்டிபுரத்து அம்பரப்பர் மலை ஒரே சார்னோகைட் பாறை. பூமிக்கு அடியில் பல்லாண்டு வெந்து இறுகியது, இந்தப் பகுதிப் பாறைகள் கடைசியாகக் கடும் சூட்டில் வெந்தே 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு உள்ளே உட்கார்ந்தால் எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை. விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களை அது வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் எதையும் மதிக்காமல் உள்ளே வரும். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மக்கள் எதிர்த்தார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றது. பாறை அதே இடத்தில்தான் இருக்கிறது. நியூட்ரினோவும் உங்களை ஊடுருவிப் போய்க்கொண்டேதான் இருக்கிறது, யாரிடமும் அனுமதி கேட்காமல்.

கே (ராயப்பன்பட்டி): மேகமலையில் மட்டும் கிடைக்கும் பிராணி ஏதாவது உண்டா?

ப: மேகமலையில்தான் முதலில் கிடைத்தது என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. 1948-ல் ஹைவேவிஸ் எஸ்டேட்டில் இருந்த இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே சாதாரண வௌவால் என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா எடுத்துப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினம் என்றார். பறவையியலாளர் சலீம் அலி பெயரை வைத்தார்கள். சிங்கவால் குரங்கு, வரையாடு, இருவாச்சி எல்லாம் இந்த மலையில் உண்டு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக்கினார்கள். ஆனால் 24 வருடம் டப்பாவுக்குள் தவறான பெயரோடு பொறுமையாக இருந்த பிராணி அந்த வௌவால்தான். அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்தவர்கள் அதை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

கே (கம்பம்): அரிக்கொம்பன் எங்கள் தெரு வழியாக ஓடியதை நேரில் பார்த்தேன். சின்னக்கானலில் பிடித்து எங்கேயோ விட்ட யானை எப்படிக் கம்பத்துக்கு வந்தது?

ப: வரைபடத்தில் சின்னக்கானல் எங்கே என்று பாருங்கள், போடிமெட்டுக்கு மேலே. அங்கிருந்து 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்து, லாரியில் சுற்றிக் கொண்டுபோய்ப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். மனிதக் கணக்கில் அது வேறு காடு. யானைக் கணக்கில் அதே மலையின் தெற்குக் கோடி. முகடு தாண்டி மேகமலைக்கு வந்தது, அரிசி வாசனை பிடித்து மே 27 அன்று கம்பத்துக்கு இறங்கியது. வடக்கே பார்த்துத்தான் நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஜூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக்கு அனுப்பியது. நீதிமன்றம், ரேடியோ காலர், இரண்டு மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து எல்லை எது என்று அதற்குச் சொல்லிப் பார்த்தன. அது மலையைப் படித்திருந்தது, மாநில மறுசீரமைப்புச் சட்டத்தைப் படித்திருக்கவில்லை.

கே (கூடலூர், இல்லத்தரசி): மங்கலதேவி கண்ணகி கோயில் நம்முடையதா, கேரளத்துடையதா? சித்ரா பௌர்ணமிக்கு ஒரு நாள்தான் விடுகிறார்கள்.

ப: கோயில் 4,000 அடிக்கு மேல், சரியாக முகட்டில் நிற்கிறது. முகட்டில் இருப்பதெல்லாம் வழக்கில் இருக்கும் என்பது இந்த மலையின் எழுதாத விதி. குமுளியிலிருந்து ஜீப், பளியன்குடியிலிருந்து காட்டு வழியில் நடை. இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் பேசி, அந்த ஒரு நாளைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். தப்பான தீர்ப்புக்காக ஒரு தலைநகரையே எரித்தவள் அங்கே இருக்கிறாள். இரண்டு அரசுகளும் இன்னும் கொஞ்சம் பயத்தோடு பேசலாம்.

கே (தேனி, இளைஞர்): குரங்கணி வழி மலையேற நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். மார்ச்சில் லீவு கிடைக்கும். போகலாமா?

ப: மார்ச்சில் வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் கிண்டல் கிடையாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள். மாசி, பங்குனியில் கிழக்குச் சரிவின் புல் முழுக்கக் காய்ந்து நிற்கும். சமதரையில் தீ நகரும் வேகம் வேறு, சரிவில் ஏறும் வேகம் வேறு. கீழே எரியும் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே வாட்டி வைத்துவிடுவதால், சரிவு கூடக் கூடத் தீ பாய்ந்து ஏறும், ஆள் ஓடி ஜெயிக்க முடியாது. மழை முடிந்த பிறகு, வனத்துறை அனுமதியோடு, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். அனுமதி இல்லை என்றால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

கே (சின்னமனூர்): தேவிகுளம், பீர்மேடு 1956 மாநிலப் பிரிவினையில் நமக்கு வந்திருந்தால் இந்தத் தண்ணீர்ச் சண்டையே இருந்திருக்காதே?

ப: இருந்திருக்கும், கடிதம் மட்டும் சென்னைக்குள்ளேயே போயிருக்கும். மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் சண்டை வர மாநில எல்லை தேவையில்லை. வைகைப் பாசனத்தில் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் நடக்கும் பேச்சைக் கேட்டதில்லையா? தோட்டத் தொழிலாளர்களுக்கு நிலைமை வேறாக இருந்திருக்கலாம், அது உண்மை. தண்ணீருக்கு மொழிவாரி மாநிலம் தெரியாது, மேடு பள்ளம்தான் தெரியும்.

கே (ஹைவேவிஸ்): எங்கள் ஊரை நாங்கள் பச்சைக்கூமாச்சி என்றுதான் சொல்வோம். டூரிஸ்டுகள் மேகமலை என்கிறார்கள். வந்ததும் முதல் கேள்வி, மேகம் எப்போது தெரியும் என்பதுதான். என்ன சொல்ல?

ப: மேகம் எப்போதும் தெரியும், மலைதான் தெரியாது என்று சொல்லுங்கள். 18 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர், பதில் யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டார்.